குலாந்தாவின் கன்னத்து மச்சம்

ஆரல் ஊர்ச் சந்தையில் எங்கள் கடைக்குக் கதவு ஒன்று, தொழில் இரண்டு. வலப்பக்கம் என் தையல் மெஷின். இடப்பக்கம் ஜல்காஸ் அண்ணனின் போட்டோ ஸ்டுடியோ. வாடகையில் பாதி தன்னுடையது, பேச்சில் முக்கால்வாசி கலம்காஸுடையது என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லட்டும். நான் ஒருத்தி கத்தாவிட்டால் அந்த மனுஷன் மத்தியானம் சாப்பிடுவதையே மறந்துவிடுவார்.

இந்த ஊரில் அவர் படம் எடுக்காத வீடு கிடையாது. புதுப்பெண்ணின் முகத்திரையை விலக்கும் சடங்கு, குழந்தையின் காலில் கட்டிய கயிற்றை வெட்டி முதல் நடை நடக்கவிடும் சடங்கு, பாஸ்போர்ட், பள்ளிக்கூடம், எதுவானாலும் ஜல்காஸ்தான். ஒட்டகத்தைக்கூடச் சிரிக்க வைத்து எடுப்பார். பெரிய வீடு, சின்ன வீடு என்று பார்க்கமாட்டார். ஒரே ஒரு குறைதான். எதையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவார். அந்தக் குறைதான் அவரைக் கொண்டுபோய்க் கல்லறையில் தலைகுனிய நிறுத்தியது.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வற்றிப்போன கடல் இருந்த இடத்திலிருந்து உப்புப் புழுதியை வாரிக்கொண்டு வரும். காயப்போட்ட துணி வெடவெடவென்று விறைத்துவிடும். ஒரு கல்யாணத்தில் அவசரமாக லென்ஸை மாற்றும்போது அந்தப் புழுதி கேமராவுக்குள் போய்விட்டது. சாதாரணத் தூசி என்றால் ரப்பர்ப் பந்தை அமுக்கி ஊதினால் பறந்துவிடும். நம்முடையது உப்பாயிற்றே! ஈரத்தில் இளகி, காய்ந்து, சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் பிசின்போல ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எடுக்கும் படத்திலெல்லாம், நடுவுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி. அதுவும் எப்போதும் வராது. கடைக்குள் பாஸ்போர்ட் படம் எடுத்தால் தெரியாது. வெளியே நல்ல வெயிலில், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எடுத்தால் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும்.

அதைத் துடைக்க மருந்தும் பட்டைக் குச்சியும் அல்மாட்டியிலிருந்து வரவழைத்தார். மேஜை டிராயரில் போட்டார். அங்கேயே கிடந்தது.

"அண்ணே, அதை எடுத்துத் துடைச்சாத்தான் என்னவாம்?"

"கை நடுங்கிக் கீறல் விழுந்தா கேமராவே போச்சு. காத்து அடங்கட்டும், நாளைக்குப் பாப்போம்."

"இந்த ஊர்ல காத்து அடங்கி, நீங்க தொடச்சு... அதுக்குள்ள கடலே திரும்பி வந்துடும்."

சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக அந்தப் புள்ளியை அழிப்பார். வானத்தில் அழிப்பார், பனியில் அழிப்பார். வயதானவர்கள் முகத்தில் மட்டும் கை வைக்கமாட்டார். ஒருமுறை ஒரு பெரியவரின் சுருக்கங்களை நீவிவிட்டுக் கொடுத்தார். அந்தப் பெரியவர், "இவன் யாரு, என் தம்பி மாதிரி இருக்கான்?" என்று கேட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது அவருக்குச் சட்டம்.

குலாந்தா பெரியம்மா எங்கள் தெருக்காரர். அந்த வருஷம் நவுரிஸ் புத்தாண்டுத் திருநாளில் அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். பனி இன்னும் கரையவில்லை, வெயில் கண்ணைப் பறித்தது. கூட்டமாகப் படம் எடுத்து முடித்ததும் பெரியம்மா வெள்ளைத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"ஏம்ப்பா ஜல்காஸ், என்னைத் தனியா ஒண்ணு எடுத்துடு."

"எதுக்குப் பெரியம்மா, மாப்பிள்ளைக்கு அனுப்பவா?"

"ஆமா, மாப்பிள்ளை கல்லறையில தனியாப் படுத்திருக்காரு. அவரு கல்லுக்குப் பக்கத்துல என் கல்லு நிக்கும்போது மூஞ்சி லட்சணமா இருக்க வேண்டாமா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போது ஜல்காஸ் அண்ணன் எடுத்தார். நல்ல படம். அதற்கப்புறம் பெரியம்மா படுக்கையில் விழுந்தார், அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார்.

மகள் ஷோல்பான் அழுது வீங்கிய கண்ணோடு, கல்லறைக் கல்லில் முகம் செதுக்க அம்மாவின் படம் கேட்டுக் கடைக்கு வந்தாள். ஜல்காஸ் அண்ணன் திறந்து பார்த்தார். கன்னத்தில் ஒரு புள்ளி. தூசியா, மச்சமா? அதே நாள் எடுத்த வேறொரு படத்தைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பக்கத்தில் கல்யாண ஆல்பத்துக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். வயதானவர்கள் முகத்தில் கை வைக்கக்கூடாது என்ற சட்டம் வேறு வசதியாகக் கைகொடுத்தது. ஷோல்பான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நல்லா இருக்கு அண்ணே" என்றாள். படம் கிஸிலோர்தாவில் கல் செதுக்குபவரிடம் போய்ச் சேர்ந்தது.

வருஷ நினைவு விருந்துக்குக் கல் நட்டாகிவிட்டது. பெரியம்மாவின் மகன் பெர்திபெக் கொரியாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தான். அங்கே வேலை செய்ய அவனுக்கு ஒழுங்கான அனுமதிப் பத்திரம் கிடையாது. நடுவில் கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று, அம்மாவின் மருந்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டே, அடக்கத்துக்குக்கூட வராமல் கிடந்தவன். விருந்தைப் படம் எடுக்க ஜல்காஸ் அண்ணன் போனார், பந்தி வேலைக்கு நான் போனேன். கல்லில் முகம் பொறிப்பது கூடாது என்று முணுமுணுத்த முல்லாவும் ஓதி முடித்துவிட்டுக் குதிரைக்கறியை ஒரு கை பார்த்தார்.

கறுப்புக் கல்லில் பெரியம்மா அப்படியே இருந்தார். செதுக்கியவர் கெட்டிக்காரர். கன்னத்துப் புள்ளியை மச்சம் என்றே நினைத்து, ஆழமாக, உருண்டையாக, ஆசையோடு செதுக்கியிருந்தார். பெர்திபெக் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டான். விரலால் அதைத் தொட்டான். குனிந்து அதன்மேல் முத்தமிட்டான்.

"அக்கா, அம்மாவுக்கு இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

ஷோல்பான் கல்லையே பார்த்தாள். "கடைசியில வந்துச்சு" என்றாள்.

"எனக்குத் தெரியவே தெரியாதே" என்று அவன் சொன்னதை நான் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் ஜல்காஸ் அண்ணனின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

கடைக்கு வந்ததும் அவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்த நவுரிஸ் நாள் படங்கள். ஒரு படத்தில் ஆட்டின் நெற்றியில் புள்ளி, ஒன்றில் வானத்தில், ஒன்றில் என் மூக்கின்மேல். எல்லாம் படத்தில் ஒரே இடம்.

"கலம்காஸ், செத்தவங்க மூஞ்சில தூசியைச் செதுக்கி வெச்சுட்டேன்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தேநீர் போட எழுந்தேன்.

மறுநாள் பெர்திபெக்கே கடைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, அம்மா படம் எத்தனை இருக்கோ அத்தனையும் குடுங்க. அந்த மச்சம் எப்போலேருந்து இருக்குன்னு பாக்கணும். வாராவாரம் போன்ல மூஞ்சி பாத்துப் பேசினேன் அண்ணே. பேசிக்கிட்டே சாப்பிடுவேன், பேசிக்கிட்டே பஸ் ஏறுவேன். மூஞ்சியை ஒருநாளும் ஒழுங்காப் பாத்ததில்ல போலிருக்கு. பெத்தவ கன்னத்துல மச்சம் வந்தது தெரியாத புள்ளை நான்."

"தேடி எடுத்து வெக்கிறேன். நாளைக்கு வா" என்றார் ஜல்காஸ் அண்ணன். அந்த நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எரிந்தது. ஊசியை மேஜைமேல் குத்தி வைத்தேன்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் ஷோல்பான் வந்தாள்.

"தம்பி வந்தானாமே? நீங்க எந்தப் படத்தையும் காட்ட வேண்டாம்."

"ஷோல்பான், அது மச்சமில்லம்மா. என் கேமராவுல..."

"தெரியும். பேசாதீங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தூக்கி உக்கார வெச்சது நான், ஊட்டிவிட்டது நான், கண்ணை மூடிவிட்டது நான். அவன் பணத்தை அனுப்பிட்டு மகராசனா இருந்தான். அம்மா மூஞ்சியை மறந்துட்டோம்னு கொஞ்ச நாள் சுமக்கட்டும். கொறைஞ்சு போயிடமாட்டான்."

எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் கிண்ணம் தளும்பத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடிக்காமலே போனாள்.

ஜல்காஸ் அண்ணன் அன்று முழுவதும் எதையும் வாயில் வைக்கவில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு புள்ளி தேடுவார்கள். அதுகூட அவருக்குப் பெரிதில்லை.

"கலம்காஸ், சொல்லலேன்னா அந்தப் பையன் செத்துச் செத்துப் பொழைப்பான். சொன்னா அவன் முத்தம் குடுத்தது என் தூசிக்குன்னு தெரிஞ்சுபோகும். எது பெரிய பாவம்?"

"நீங்க செஞ்சதை அவன் ஏன் சுமக்கணும்?" என்றேன். 

மறுநாள் பெர்திபெக் வந்ததும் அவனைச் சந்தைச் சுவருக்கு முன்னால், வெயிலில் நிறுத்தினார். துடைக்காத அதே கேமரா. துவாரத்தைச் சுருக்கினார். அன்று பெரியம்மாவை நிறுத்திய மாதிரியே நிறுத்தி ஒரு படம் எடுத்தார். உள்ளே கூட்டிவந்து திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பெர்திபெக்கின் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

அவன் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. தேய்த்துப் பார்த்தான்.

"எனக்கு மச்சம் கிடையாதே அண்ணே."

"கிடையாது. உங்கம்மாவுக்கும் கிடையாது. எல்லாம் இந்தக் கேமராவுக்குள்ள இருக்கிற உப்புத் தூசி. தொடைக்காம விட்டது நான். சந்தேகம் வந்தும் பாக்காம அனுப்பினதும் நான்தான்." ஜல்காஸ் அண்ணன் கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்ன வேணா செய், தம்பி."

அடிப்பானோ என்று நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். பெர்திபெக் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப எங்கம்மா மூஞ்சி எனக்கு மறக்கல" என்றான். "மறக்கல, இல்ல அண்ணே?" சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். ஜல்காஸ் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி வாசலிலேயே பயந்து திரும்பிப் போனாள்.

கல்லை மாற்றித் தருகிறேன் என்றார் ஜல்காஸ் அண்ணன். பெர்திபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். ஜல்காஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவனும் மேலே கேட்காமல் வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் ஷோல்பான் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் சட்டைக் கையைச் சுருட்டாத குறைதான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் படத்தைக் காட்டுங்க அண்ணே."

காட்டினார். அதற்கப்புறம் ஆட்டைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், என் மூக்கைக் காட்டினார். அவள் ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளிமேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"நிச்சயமா தூசிதானே?"

"நிச்சயமா, தங்கச்சி. நீதான் தெரியும்னு சொன்னியே?"

"பொய். எனக்குத் தெரியாது அண்ணே." நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "படுக்கையில கிடந்த நாளெல்லாம் ஈரத்துணி வெச்சு அம்மா மூஞ்சியை நான்தான் தொடச்சேன். கல்லைப் பாத்ததும், ஆமா, இங்க ஒண்ணு இருந்துச்சோன்னு தோணிடுச்சு. அவன் கேட்டப்போ தெரியலன்னு சொல்ல வாய் வரல. வீட்டுக்குப் போய் அடையாள அட்டையைத் தேடி எடுத்துப் பாத்தேன், அதுல இல்ல. அப்பவும் நம்பிக்கை வரல, அது பழைய படமாச்சேன்னு. அவனாவது தூரத்துல இருந்தேன்னு சொல்லிக்குவான். பக்கத்துலயே இருந்த நான் என்னன்னு சொல்லிக்குவேன்?"