பம்ப் நிற்காத வீடு

நல்லது செய்துவிட்டோம் என்று நான் துள்ளிக் குதித்த நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் லைன் வீடு ஒன்றின் வாசலில் எங்கள் கம்பெனி ஃப்ளோ பேட்டரி ஒன்றைச் சோதனைக்கு வைத்திருந்தது. தொட்டிகளில் இருக்கும் திரவத்தைப் பம்ப் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை மின்சாரம் வரும். வீட்டுக்குள், சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்ட முனுசாமி ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். கரண்ட் போனால் அவருக்கு அந்த பேட்டரிதான் மூச்சு.

பேட்டரியின் சார்ஜ் சீக்கிரமே தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது. திரவம் பட்டு மின்சாரம் உண்டாகும் கார்பன் விரிப்பைக் கழற்றி, அதன் திறன் கூடுவதற்காக உலையில் சூடாக்கித் திரும்ப மாட்டினேன். அடுத்த மின்வெட்டில் மத்தியானம் முழுக்க ஓடியது.

உள்ளே ஓடி, "இனிமே கரண்ட் போனாலும் பயமில்ல அய்யா" என்றேன்.

அவர் மகள் செல்வி சிரிக்கவில்லை. "இன்னும் ரொம்ப நேரம் ஓடுமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியவர் மாஸ்க்கைக் கழற்றினார். "என் ஷிப்ட் எப்பவோ முடிஞ்சிபோச்சி. சுரங்கத்துலேர்ந்து மேல ஏத்திக்கினு போக கேஜ் வர்ற நேரத்துல, கீழயே புடிச்சி வெச்சிட்டியேம்மா."

சொல்லி முடிப்பதற்குள் உதடு நீலமானது. அவர் கையே தவித்துத் துழாவி மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? தெனமும் இந்தக் கூத்துதான்" என்று செல்வி பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

கம்பெனி மீட்டிங்கில் எனக்குக் கைதட்டினார்கள். இன்றும் அங்கே கரண்ட் போகிறது. போன நொடியே பம்ப் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. பேட்டரி ஓடிய நேரத்தை வாசலிலேயே குறித்துக்கொண்டு, உள்ளே போகாமல் நான் திரும்பிவிடுகிறேன்.