பத்தொன்பது வருஷப் பட்டைக் கறை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்த ஜான் பாஷாவுக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு பகை. அதைக் குர்பானிக் கிடாய்போல வேளாவேளைக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைத்திருந்தார். கிடாயாவது வருஷத்துக்கு ஒருமுறை அறுபடும். இது பத்தொன்பது வருஷமாக வளர்ந்துகொண்டே இருந்தது.

பகைக்கு உரியவர் அதே ஷாப்பில் வேலை பார்த்த இஷ்தியாக் அகமது. பத்தொன்பது வருஷத்துக்கு முன், தன் நிக்காஹ் அன்று காலை, கூட்டாளிகளை இன்னொரு தரம் அழைத்துவிட்டு வரலாமென்று ஷாப்புக்குப் போனார் ஜான் பாஷா. மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசியது போதவில்லை என்று சொல்லி, ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் அவரைத் தள்ளிவிட்டார் இஷ்தியாக். சீயக்காய், களிமண், எதற்கும் கறை மசியவில்லை. இரவு, பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணாடியில் முதன்முதலாக முகம் பார்க்கும் சடங்கில், பதனிட்ட ஆட்டுத்தோல் நிறத்தில் ஒரு முகத்தைக் கண்டாள் அக்தர் பானு. களுக்கென்று சிரித்துவிட்டாள்.

சிரித்தவளை ஜான் பாஷா விட்டுவிட்டார். சிரிக்க வைத்தவரை விடவில்லை. இஷ்தியாக் இருக்கும் தெருவைத் தவிர்க்க, பள்ளிவாசலுக்கு மூன்று தெரு சுற்றிப் போவார். இஷ்தியாக்குக்கு வயிற்று வலி என்று கேள்விப்பட்ட அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். சாப்பிட உட்கார்ந்தால் தொட்டிக் கதைதான் தொட்டுக்கொள்ள. அவர் எங்காவது விட்டுவிட்டால் அக்தர் பானுவே எடுத்துக் கொடுப்பாள். அத்தனை தரம் கேட்டாயிற்று.

இஷ்தியாக் ஹஜ்ஜுக்குப் புறப்பட ஆயத்தமானார். யாருக்கு என்ன தீங்கு செய்திருந்தாலும் வீடு தேடிப் போய் மாப்பு கேட்டுவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். ஜான் பாஷாவுக்கு அன்றுதான் பெருநாள். மாப்பு கொடுக்கப் போவதில்லை. நடுக்கடலில் அந்தப் பாவம் மட்டும் தனியாகக் கனத்து, இஷ்தியாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வர வாந்தி எடுக்க வேண்டும். அந்தக் காட்சியை நினைத்து நினைத்து ருசித்தார்.

இரண்டு முறை இஷ்தியாக் வந்தார். ஷாப்பில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினாள் அக்தர் பானு. மூன்றாம் முறை வந்தது துறைமுகத்துக்கு ரயிலேறுவதற்கு முந்தின நாள், பகல் சாப்பாட்டு வேளையில். அப்போதுதான் ஷாப்பிலிருந்து வந்த ஜான் பாஷா, பட்டைத் தண்ணீர் இன்னும் காயாத கையைக்கூடக் கழுவாமல் உள்கதவுக்குப் பின்னால் பதுங்கினார்.

சலாம் சொல்லி, ஜான் பாஷா இருக்கிறாரா என்று வாசலிலிருந்து கேட்டார் இஷ்தியாக். கோணித் திரைக்குப் பின்னாலிருந்து அக்தர் பானு பேசினாள்.

"அவரு வூட்ல இல்ல பாய். பத்தொம்பது வருசமா இல்ல. துன்ன ஒக்காந்தாலும் உங்க வூட்லதான் இருப்பாரு, படுத்தாலும் உங்க வூட்லதான். கண்ணாடியில பாத்த மஞ்ச மூஞ்சி எனக்குப் புடிச்சிருந்துச்சி, அதான் சிரிச்சேன். அந்த ஆள அப்பறம் நான் பாக்கவே இல்ல. நீங்க பாத்தா கொஞ்சம் இங்க அனுப்பிட்டுப் போங்க."

உள்கதவைத் தள்ளிக்கொண்டு ஜான் பாஷா வெளியே வந்தார்.

"மாப்பு குடுப்பா," என்றார் இஷ்தியாக்.

ஜான் பாஷா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஹஜ்ஜுக்கென்று தைத்த புது ஜுப்பா, கொக்கு வெள்ளை.

"குடுத்தேன்," என்று கட்டிப்பிடித்தார். மூன்று முறை தழுவுவதுதான் வழக்கம். அவர் ஏழு முறை தழுவினார், உள்ளங்கையால் முதுகை நன்றாகத் தடவித் தடவி.

இஷ்தியாக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். முதுகில் இரண்டு கைகள், பத்து விரலும் தெளிவாக, பழுப்பு மஞ்சளில். திரைக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சத்தம். இந்த முறை ஜான் பாஷா திரும்பி, சிரித்தவளைப் பார்த்தார்.

கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து கேட்டார்:

"நல்லாக்கீதே. இன்னா கொழம்பு இது?"

"பத்தொம்பது வருசமா இதான்," என்றாள் அக்தர் பானு.