சேச்சிக்குக் காட்டிய மோசமான படங்கள்

சேச்சியை ஊருக்குப் போகவிடாமல் தடுக்க நான் கையில் எடுத்தது மலையாள சினிமாவை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்தேன்.

சேச்சி கேரளத்துத் தாதி. மெட்ராஸில் படித்துவிட்டு எழுபதுகளில் ஒஸ்லோவுக்கு வந்தவர். முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை பிடித்துத் தந்தவரே அவர்தான். கணவர் இறந்த பின் நகரத்தின் ஓரத்தில் ரொம்சோஸில் ஏழாம் மாடியில் தனியே இருந்தார். ஞாயிறு மத்தியானங்களில் நான் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவில் பஸ் பிடித்து அங்கே போவேன். அவர் மீன் கறி வைப்பார். சாப்பிட்டுவிட்டுப் படம் பார்ப்போம்.

வரவேற்பறை அலுமாரி முழுக்க வீடியோ கசெட்டுகள், அவருடைய தம்பி வளைகுடாவில் வேலை செய்த காலத்தில் அனுப்பியவை. மேல்தட்டில் நாவல்களிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். நடுத்தட்டில் எண்பதுகளின் படங்கள். எனக்கு மலையாளம் பழக்கியவை அவைதான். அவற்றில் வந்த ஆண்களுக்கு வேலை கிடைக்காது, காதலித்தவள் கிடைக்க மாட்டாள், கடைசியில் தோற்றும் போவார்கள். பெண்கள் வாய் திறந்து பதில் சொல்வார்கள். அடுத்த வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பது போல் இருக்கும். கீழ்த்தட்டில் தொண்ணூறுகளின் நகைச்சுவைப் படங்கள். வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். அதற்குள் தம்பி ஊர் திரும்பிவிட்டதால் அலுமாரி அத்தோடு நின்றுவிட்டது.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது சேச்சி ஒருநாள் சொன்னார்: "மோளே, பென்ஷன் வந்ததும் ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன். தம்பி வீட்டுப் பக்கத்துல ஒரு சின்ன வீடு இருக்கு."

"ஓம் சேச்சி, நல்லதுதானே" என்றேன். ஒரு துளியும் நல்லதென்று நினைக்கவில்லை. அவருக்குப் போக ஓர் ஊர் இருந்தது. என் ஊரில் அப்போது போர்நிறுத்தம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. பொறாமையில் நெஞ்சு எரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது: அவர் போனால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர் ஊர்ப்பக்கம் போய்ப் பல வருடம். ஊர் என்றால் அவருக்கு அந்த நடுத்தட்டுதான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதைய ஊர் எப்படி என்று காட்டினால் மனம் மாறாதா?

பக்கத்து நகரமான திராமனில் ஒரு மலையாளி வருடா வருடம் ஊருக்குப் போய்ப் புதுப் படங்களின் டிஸ்க்குகளை அள்ளி வருவார். நல்ல படம் எது என்று எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். நான் ரயில் ஏறிப் போய், ஆக மோசமானது எது என்று கேட்டேன். மனுசன் யோசிக்கவே இல்லை. பத்து டிஸ்க்குகளை எடுத்து நீட்டினார்.

அடுத்த ஞாயிறே சேச்சி வீட்டில் போடத் தொடங்கினேன். எண்பதுகளின் படங்களில் தோற்றுப்போன அதே நடிகர்கள் இப்போது தோற்கவே மறுத்தார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கவே ஐந்து நிமிடம் எடுத்தார்கள். இறங்கியதும் இடி இடித்தது. எதிர்த்துப் பேசிய பெண்ணுக்கு ஒரு அறையும் ஒரு பிரசங்கமும் கிடைத்தன. மகள் வயதுப் பிள்ளை அந்த அறையை வாங்கிக்கொண்டு அறைந்தவரையே காதலித்தாள். மூன்று மணி நேரம்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குப் போனேன், பால்கனிக் கதவைத் திறந்தேன், மூடினேன், திரும்பி வந்து சேச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அங்கை எல்லாம் இப்பிடித்தானாம், சேச்சி" என்று எண்ணெய் ஊற்றினேன்.

"இருக்கட்டும். பாக்கலாம்."

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. திராமன்காரர் கடைசியாகத் தந்த டிஸ்க்குகளுக்குள், அவர் கை தவறியதோ என்னவோ, வேறு மாதிரி ஒரு படம் கிடந்தது. வீட்டில் தனியே போட்டுப் பார்த்தேன். ஒரு தபால் ஊழியரும் மனைவியும், ஒழுகும் கூரையும், மழைக்காலத்தில் ஒரு வாரமும். நடித்தவர்கள் யாரென்றே தெரியவில்லை. யாரும் யாரையும் அறையவில்லை. அந்த மனைவி ஒரு வாளியை இடம் மாற்றி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையில் நான் அழுதுவிட்டேன். பிறகு டிஸ்க்கைக் குளிர்காலக் கோட்டுகளுக்கு அடியில் ஒளித்தேன். இதைப் பார்த்தால் சேச்சி அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார்.

நாலு மாதம் அது அங்கேயே கிடந்தது. எனக்குத்தான் நிம்மதியாகக் கிடக்க முடியவில்லை. கையுறை எடுக்கப் போனாலும் ஞாபகம், வேலையில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் ஞாபகம். நல்ல படத்தை ஒருவரிடமிருந்து ஒளித்து வைப்பது இவ்வளவு கேவலமான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் என் மேலேயே கோபம் வந்து, ஒரு ஞாயிறு அதைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

படம் முடிந்தது. சேச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எங்கேருந்து?"

"வீட்டிலை கிடந்தது. நாலு மாசமா ஒளிச்சு வைச்சனான்." அதோடு நிற்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மோசமானவையாகப் பார்த்து வாங்கியதையும், ஏன் வாங்கினேன் என்பதையும்.

சேச்சி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"டிக்கெட் எடுத்து மூணு மாசம் ஆச்சு மோளே. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. படத்தைப் பாத்துத்தானா நான் ஊருக்குப் போறதும் போகாததும் முடிவு பண்ணுவேன்?"

"அப்ப ஏன் சேச்சி அந்தக் குப்பையளை எல்லாம் இருந்து பாத்தனீங்கள்? ஒரு நாளாவது நிப்பாட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நிறுத்தினா நீ சீக்கிரம் கிளம்பிடுவியே" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறுகள் இருந்தன. ஐந்துக்கும் போனேன். படம் ஒன்றும் கொண்டு போகவில்லை.