ஒரு பையனுக்கு ஒரு ஃபோல்டர்

நீலமேகம் ரயில்வே ஃபிட்டர். இறக்கும்வரை வியாசர்பாடியில் ஒரு கால்பந்து கிளப்பின் செயலாளர். பையன்கள் அவரை நைனா என்பார்கள்.

2003இல் கிளப்புக்கு வலைத்தளம் வேண்டும் என்றார். படத்தைப் பார்த்து யாராவது பூட்ஸ் வாங்கித் தரமாட்டார்களா என்ற ஆசை. மகள் மகிழினி பழைய கணினி ஒன்றில் வெப் சர்வர் அமைத்தாள். இரண்டு ஃபோல்டர்கள். 'வெளி'யில் வைப்பதை உலகம் பார்க்கும். 'உள்'ளில் வைப்பது அவர்கள் இருவருக்கு மட்டும். படங்களை வெளியிலும் வீட்டு விவரங்களை உள்ளேயும் வைக்கச் சொன்னாள். வீட்டு விவரம் என்றால், பையன்கள் நைனாவிடம் மட்டும் சொன்னது. அவர்களுக்காக யாரிடமாவது உதவி கேட்கும்போது மறந்துவிடக் கூடாதென்று அவர் அதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

"இன்னாம்மே, புள்ளைய ரெண்டு துண்டா வெட்டி வெக்க சொல்ற?" என்று சிரித்தார்.

கிளப் பெட்டியில் பையனுக்கு ஒரு பை. பூட்ஸ், சான்றிதழ், முழங்கால் கட்டு எல்லாம் அதில்தான். அதே போல் பையனுக்கு ஒரு ஃபோல்டர் போட்டார். மகள் வேலைக்குப் போயிருந்த நாளில், படமும் விவரமுமாக எல்லாவற்றையும் 'வெளி'யில் வைத்தார். வலைத்தள முகவரியை மேட்ச் நோட்டீசில் அச்சடித்தார். பெருமையாக இருந்தது.

முகப்புப் பக்கம் இல்லாத ஃபோல்டரைத் திறந்தால், அதில் இருப்பதையெல்லாம் சர்வர் வரிசையாகக் காட்டிவிடும். இது அவருக்குத் தெரியாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த எதிர் டீம் பையன்களுக்குத் தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மேட்சில் கிளப் பையன் குமாரவேலின் காலுக்குப் பந்து வந்ததும் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்கள்.

"டேய், உங்கொப்பன் ஜெயில்ல கீறானாமே! மேட்ச் பாக்க பெயில் குடுக்கலியா?"

குமாரவேல் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. நீலமேகத்தைப் பார்த்தான். பந்தை விட்டுவிட்டு நடந்தான்.

அன்றே மகிழினி எல்லாவற்றையும் 'வெளி'யிலிருந்து எடுத்தாள். "லிஸ்ட் காட்டாம நான்தான்ப்பா மூடியிருக்கணும்."

"நீ சொன்ன. நான்தான் கேக்கல."

நீலமேகம் குமாரவேலின் வீட்டுக்குப் போனார். அவன் தாய் கெங்கம்மா கதவை மறித்தபடி நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"தப்பு என்னுதும்மா."

"வூட்டு சங்கதிய ஊருக்கே காட்டிட்டியே நைனா. போலீசு இட்டுகினு போனப்ப கூட நான் இப்டி தல குனியல."

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. செருப்பை மாட்டத் தெரியாதவர் போல நெடுநேரம் குனிந்து நின்றார்.

அடுத்த மாதம், முன்பே படங்களைப் பார்த்திருந்த யாரோ பூட்ஸ் அனுப்பினார்கள். குமாரவேலும் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ் சார்" என்றான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிவரை அவருக்கு அவன் சார்தான் போட்டான். நைனா என்று கூப்பிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.