என் முகத்தில் இலோனாவைப் பார்த்தவள்

ஜெனிட்டா இறந்துவிட்ட செய்தி எனக்குப் போலந்திலிருந்து வந்தது. நான் உட்கார்ந்திருந்த அலுவலகத்துக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெருக்கள்தான். துறைமுகத்தில் வந்து நின்ற ஒரு கன்டெய்னருக்கான சுங்கப் பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இலோனா ரசிகர் குழுவில் வார்சாவிலிருக்கும் ஒரு பெண், "சுதா, உன் தோழிக்காக அழுதுகொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தாள். ஜெனிட்டாவின் அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவர். தங்கையின் சிநேகிதிகள் என்று அவருக்குத் தெரிந்த கூட்டம் அது ஒன்றுதான். வீட்டிலிருந்து தகவல் போனதும் நடுக்கடலிலிருந்து அங்கே எழுதிவிட்டார்.

எனக்கு முன்னால் இந்தப் போலந்துக்காரிக்கு எப்படித் தெரிந்தது என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அழுகை பிறகுதான், அவள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தபோது வந்தது.

ஜெனிட்டாவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அலுவலகத்தில் உள்ளவர்கள், அவள் தெருக்காரர்கள், குழுவில் தமிழ் தெரிந்த இரண்டொருவர். நான் அவள் மேல் பொறாமை கொண்டவள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இறந்துவிட்டாள் என்பதற்காக அதை வழித்துப்போட்டுவிட்டு எழுத எனக்கு வராது.

இலோனா யார் என்று தெரியாதவர்களுக்கு: ஐஸ் தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அவள் உலக சாம்பியன். நம் ஊரில் ஐஸ் என்றால் பெட்டியில் மீனுக்கு மேல் கொட்டுவது. அதன் மேல் ஒருத்தி இசைக்கு ஆடுகிறாள், காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்குகிறாள் என்றால், சொன்னவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் ஏரலிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். எங்கள் பலசரக்குக் கடை வீட்டில் அவளைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மாவட்டத்திலேயே இலோனாவைத் தெரிந்த ஒரே ஆள் நான் என்ற கர்வத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கர்வம் போயிற்று. மதியச் சாப்பாட்டு நேரம். எதிர் மேசையில் ஜெனிட்டா டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்துவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் இலோனா.

"இவளை உனக்குத் தெரியுமா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பொடிப்பிள்ளையா ஜூனியர்ல ஆடும்போதே தெரியும். நீ எப்ப இருந்து பாக்க?"

சொன்னேன்.

"அப்ப நீ லேட்டுளா" என்றாள், சாளை மீனின் முள்ளை உருவிக்கொண்டே. எங்கள் நட்பு அந்த வாக்கியத்தில் தொடங்கியது. கடைசிவரை நான் லேட்டாகவே இருந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நேரலையில் பார்க்கும்போதெல்லாம் இலோனா விழுகிறாள் என்றால், அந்த ஆள் இனி நேரலையில் பார்க்கக் கூடாது. படித்தவர்கள், டாக்டர்கள் எல்லாம் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஜெனிட்டா அடுத்தடுத்துப் பார்த்த போட்டிகளில் எல்லாம் இலோனா விழுந்தாள். குழு கூடிப் பேசி அவளுக்குத் தடை போட்டது. அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால், நடக்கும்போது பார்ப்பதும் முடிந்தபின் பார்ப்பதும் ஒன்றல்ல என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் சொல்வார்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் போனைப் பார்ப்பேன். அவள் எனக்கு எதிரே, போனின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

போட்டி ஐரோப்பாவில் என்றால் சாயங்காலம், ஜப்பானில் என்றால் மதியம். "இந்த ஒளிபரப்பு உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று திரை சொல்லும். இந்த ஊர் கப்பலில் ஏற்றி அனுப்பும் உப்பும் மீனும் இறாலும் அவர்கள் நாட்டில் கிடைக்கும். அவர்கள் ஆட்டம் மட்டும் நமக்குக் கிடைக்காது. திருட்டுச் சுட்டி ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். தேடுவது நான், பதறுவது நான். ஜெனிட்டா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் தன் ஓட்டை ஆங்கிலத்தில் குழுவில் எழுதுவாள். "சுதாவின் வாய் திறந்தது, இன்னும் மூடவில்லை. நல்லபடியாக இறங்கிவிட்டாள்." "சுதா இடது புருவத்தைத் தூக்குகிறாள். நடுவர்கள் கஞ்சர்கள்." "சுதா இப்போது தன் மாமியாரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை."

உலகம் முழுக்க இதற்கு ரசிகர்கள் உண்டானார்கள். போட்டியைவிட ஜெனிட்டாவின் குறிப்புக்குக் காத்திருந்தார்கள். ஒருநாள் இலோனாவே ஒரு நேரலைப் பேச்சில், "என் ஆட்டத்தைத் தன் தோழியின் முகத்தில் பார்க்கும் ஜெனிட்டாவுக்கு என் அன்பு" என்று சொன்னாள். ஆடியது இலோனா. பார்த்தது நான். முகமும் என்னுடையது. பேர் அவளுக்கு. எனக்கு வந்தது 'தோழி' என்ற ஒரு சொல்.

"என் மூஞ்சிய வச்சு நீ பேர் வாங்குதே" என்று அன்றைக்குச் சண்டை போட்டேன்.

"சரிளா, அடுத்த தடவை வாடகை தாரேன்" என்றாள். "கோவப்படாத. இந்த மூஞ்சியையும் எழுதவா?"

அவள் வீட்டின் மேலும் எனக்குப் பொறாமைதான். என் அம்மா ஒருமுறை என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு அப்பன் ஆத்தா கெடையாதா, இப்படித் தொடை தெரிய ஆடுதா" என்று கேட்டு முடித்துவிட்டாள். ஜெனிட்டாவின் அம்மா, இலோனாவுக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை என்று தெரிந்ததும் பனிமய மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். "பனிக்கே மாதா. பனியில விழுந்த பிள்ளையப் பாத்துக்கிட மாட்டாளா?" என்று என்னிடமே கேட்டார். அப்படி ஒரு வீடு யாருக்கு வாய்க்கும்?

அந்த அறுவை சிகிச்சை முடிந்து இலோனா படுத்திருந்த மாதங்களில்தான் ஜெனிட்டாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. இலோனா புதிய போட்டிப் பருவத்துக்குத் திரும்பி வந்தபோது இவள் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் இருந்தாள். அந்த வார்டில் நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். மனைவி கொடுத்த சிறுநீரகத்தோடு வீட்டுக்குப் போன ஆண்களைப் பார்த்தேன். புருஷன் கொடுத்ததோடு போன ஒரு பெண்ணையும் நான் பார்க்கவில்லை. ஜெனிட்டாவின் அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் கொடுக்க முடியாது. அண்ணன் கொடுத்தால் கப்பல் வேலைக்கு மருத்துவச் சான்று கிடைக்காது. மற்ற சொந்தங்கள் எல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்காக யோசிப்பதற்கு இந்த ஊரில் அவசரமே கிடையாது.

அவளுக்குத் தண்ணீர் அளவுதான். தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பிளாஸ்கில் நான் கொண்டுபோவேன். "கடைசியில நமக்கும் ஐஸ்தான் கதி" என்று அதை நக்கிக்கொண்டே சொன்னாள்.

பருவத்தின் முதல் போட்டியில் இலோனா விழுந்தாள், ஜெனிட்டா பார்க்காமலேயே. குழுவில் பெரிய சண்டை. ஓய்வு பெறட்டும் என்றவர்களைப் போலந்துக்காரி விரட்டினாள். இதுதான் தன் கடைசிப் பருவம் என்று இலோனா அறிவித்தாள். ஜப்பானில் அடுத்த போட்டி. அதில் முதல் மூவரில் ஒருத்தியாக வந்தால்தான் உலகப் போட்டிக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுபெண் போவாள் என்று அவள் நாட்டுச் சங்கம் சொல்லிவிட்டது.

அந்த ஆட்டம் ஜெனிட்டாவின் டயாலிசிஸ் நேரத்தில் வந்தது. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வழக்கம்போல் போனை என் பக்கம் வைத்தேன்.

"இங்கன திருப்பு" என்றாள். "இன்னைக்கு நான்தான் பாக்கப்போறேன்."

"ஏளா, கிறுக்கா உனக்கு? இன்னைக்குப் போயா?"

"அவளுக்கு இது கடைசி வருஷம். எனக்கு என்னன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவையாவது நடக்கும்போது பாக்கணும்."

"அவ விழுந்துட்டா உலகப் போட்டி போயிரும்லா."

"போன மாசம் நான் பாத்தா விழுந்தா? சும்மா கெட."

இலோனா விழுந்துவிடுவாள் என்ற பயம் எனக்குக் கொஞ்சம்தான். ஜெனிட்டாவே பார்த்துவிட்டால் என் முகம் எதற்கு என்பதுதான் பெரிய பயம்.

பக்கத்துக் கட்டிலில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். அவர் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஜெனிட்டா அவரைக் காக்கா என்று கூப்பிடுவாள். அவருக்கு அவர் மனைவி சிறுநீரகம் கொடுப்பதாக முடிவாகியிருந்தது.

"ஏம்மா, பாக்கட்டுமே. படுத்திருக்க பிள்ளைகிட்டப் போயி மல்லுக்கட்டுதியே" என்றார். "துபாய்ல மால் உள்ள ஐஸ் போட்டிருப்பான். நான் நின்னு பாத்திருக்கேன். எல்லாரும் விழத்தான் செய்வாங்க."

எங்கள் மூவரில் உண்மையான ஐஸ் தளத்தின் ஓரத்தில் நின்றவர் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் மேலும் பொறாமை வந்தது.

"கேட்டியா? காக்காவே சொல்லுதாரு" என்றாள் ஜெனிட்டா.

போனைத் திருப்பினேன். அவளுடைய ஒரு கையில் ஊசிகள் குத்தியிருந்ததால், போனைச் சாப்பாட்டுப் பலகையில் அவளுக்கு நேராக நிறுத்தவேண்டியிருந்தது. டயாலிசிஸ் எந்திரத்தின் பக்கம் எனக்கு இடமில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது போனின் முதுகும் அவளும்தான்.

இசை தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பனியில் உடம்பு மோதும் சத்தம் கேட்டது.

"விழுந்துட்டா" என்றாள்.

"சொன்னேன்லா!"

"வாய மூடு."

இசை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை அங்கே கூட்டம் பெரிதாகக் கத்தியது. விழுந்த அதே குதிப்பை மறுபடி எடுத்து விழாமல் இறங்கிவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் முறைக்கு மதிப்பெண் குறைவு. புத்தியுள்ளவள் சுலபமானதைக் குதித்திருப்பாள். ஜெனிட்டா வாயில் போட எடுத்த ஐஸ் துண்டு கையிலேயே உருகி மெத்தை விரிப்பை நனைத்தது. நாளெல்லாம் தாகத்தில் கிடந்தவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"எத்தனாவது வந்தா?" என்று காக்கா கேட்டார்.

"நாலாவது."

"அட, ஒண்ணுல போச்சே."

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "நிம்மதியா? உலகப் போட்டி போச்சு" என்றேன். ஜெனிட்டா கோபிக்கவில்லை.

"ஏளா, அவ விழுந்து எந்திரிக்கிறதை நீ பாத்திருக்கியா?"

"எத்தனையோ தடவை."

"பாத்ததில்ல. அவ விழுந்தா உன் கண்ணு மூடிக்கிடும். நீ திறக்கதுக்குள்ள அவ அடுத்த குதிப்புக்குப் போயிருவா. இத்தனை வருசமும் உன் மூஞ்சியில அவ விழுந்தா விழுந்ததுதான். எந்திரிச்சதே இல்ல. இன்னைக்குத்தான் பாத்தேன்."

அன்று இரவு குழுவில், "நான்தான் பார்த்தேன், என்னைத் திட்டுங்கள்" என்று எழுதினாள். யாரும் திட்டவில்லை. இலோனா அதற்கு ஒரு இதயம் போட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் திட்டியிருப்பேன்.

அடுத்த வாரம், டயாலிசிஸ் இல்லாத ஒருநாள் காலையில், வீட்டில் மூச்சுத் திணறிச் செத்துப்போனாள்.

அடக்கப் பூசையில் சாமியார் அவளைப் பொறுமையின் வடிவம் என்றார். ஜெனிட்டாவுக்குப் பொறுமை கிடையாது. நடுவர்களை அவள் திட்டும் வார்த்தைகளைக் கேட்டிருந்தால் அவர் அங்கியைக் கழற்றிவைத்திருப்பார். கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு சொந்தக்காரப் பெண், "ஒண்ணையும் அனுபவிக்காமப் போயிட்டா" என்று மூக்கைச் சிந்தினாள். சிறுநீரகம் பொருந்துமா என்ற பரிசோதனைக்குக்கூட வராத கூட்டத்தில் அவளும் ஒருத்தி. "உங்களைவிட அதிகமாத்தான் அனுபவிச்சா" என்று சொல்லிவிட்டேன். ஜெனிட்டாவின் வீட்டுக்கு நான் இனி எப்படிப் போவேனோ தெரியாது.

அந்த ஆட்டத்தின் பதிவைக் கண்ணை மூடாமல் பலமுறை பார்த்துவிட்டேன். இலோனா விழுகிறாள். கையை ஊன்றுகிறாள், முழங்காலில் எழுகிறாள், பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிடாமலே ஓடி இசையைப் பிடிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெனிட்டா பார்த்தது இதுவாக மட்டும் இருக்க முடியாது. அவளுக்குக் கிடைத்தது எனக்கு இப்போதும் கிடைக்கவில்லை. செத்தவள் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். படுகிறேன்.

குழுவில் எல்லாரும் கேட்கிறார்கள். அன்றைக்கு ஜெனிட்டாவின் முகம் எப்படி இருந்தது, அவள் உன்னை எழுதியதுபோல நீ அவளை எழுது, அவளுக்கு அதுதான் அஞ்சலி என்கிறார்கள். போலந்துக்காரி தினமும் கேட்கிறாள். போன வாரம் இலோனாவே எனக்கு நேராகக் கேட்டு எழுதியிருந்தாள், முதல்முறையாக என் பெயரைப் போட்டு. நாள் முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் எழுதவில்லை.

அவள் குறிப்புகள் எல்லாம் குழுவில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சிரிப்பு அலுவலகத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அந்த நான்கு நிமிடமும் அவள் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை. உங்களுக்கும்தான்.