அப்பா வானத்தை அடுக்கிய நாட்கள்

மகளுக்கு வாங்கிய ஜிக்சா பெட்டியைப் பிரித்ததும் அட்டைத்தூள் வாசனை எழுந்தது. துண்டுகளைச் சேர்த்தால் ஒரு பழைய ஓவியம் வரும். எனக்கு ஆம்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்து, மனம் நிலைகொள்ளாமல் போயிற்று.

அப்பா தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். அது மூடப்பட்ட பிறகு, வெளிநாட்டு வியாபாரி ஒருவர் எப்போதோ கொடுத்த இப்படியொரு பெட்டியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தார். கடலும் கப்பலும் பெரிய வானமுமாக ஓர் ஓவியம். கொஞ்சம் அடுக்குவார், எழுந்து வாசலைப் பார்ப்பார், திரும்பி வருவார். மேசைக்கடியில் அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கும் பாடத்தில் கண் நிற்காது.

ஒவ்வொரு துண்டையும் தோலைத் தடவுவதுபோல் கட்டைவிரலால் தடவுவார். வெட்டின் தரம் பார்க்க, சேர்ந்த துண்டுகளை ஒரு முனையில் பிடித்துத் தூக்குவார். உதிர்ந்தால் முகம் சுருங்கும்.

ஒருநாள் சலித்துக்கொண்டார். "மட்டமான வெட்டு. ஒரு துண்டு ஒரு எடத்துலதான் ஒக்காரணும். இந்த நீலத்துண்டு எங்க வெச்சாலும் ஒக்காருது."

அம்மா நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பியவள் நின்றாள். "நீங்கதான் அந்தக் கம்பெனிய விட்டா எங்கயும் ஒக்கார மாட்டேங்கறீங்க. மேல்விஷாரத்துலேந்து பஷீர் அண்ணன் எத்தன தடவ வேலைக்குக் கூப்ட்டாரு?"

அவள் போனபின் அப்பா கூடத்தில் வெகுநேரம் நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "மேல்விஷாரம் போய்ட்டு வர்றேம்மா" என்றார் என்னிடம்.

அன்று மாலை அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தரம் பாக்கற வேல இல்ல. குடோன்ல சரக்கு ஏத்தி எறக்கறத பாத்துக்கணும். சம்பளம் கம்மி."

"சாப்ட வாங்க" என்றாள் அம்மா.

அப்பா பாதி வானத்தைத் தானே கலைத்து, தட்டுகளுக்கு இடம் பண்ணினார்.