பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்

எங்கள் கல்லூரியில் யாரையாவது பயிற்சிக்கு அனுப்பினால் நாங்கள் யாரும் கைகுலுக்க மாட்டோம். "ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்போம். இயற்பியல் சார் அப்படித்தான் ஒரு பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தால் அவருடைய வகுப்புகளை வேறொருவர் எடுத்துக்கொண்டிருந்தார். இவர் கையில் அட்மிஷன் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்து வரச் சொன்னார்கள். வெயிலில் கொஞ்ச நாள் அலைந்துவிட்டு, அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு மேடையில் யாராவது 'ஆசிரியர் மேம்பாடு' என்று ஆரம்பித்தாலே எனக்கு அந்த நோட்டீஸ் கட்டுதான் ஞாபகம் வரும்.

நான் தாவரவியல். துறையில் மொத்தமே இரண்டு பேர்தான். நானும், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வரும் ஒரு இளம் ஆசிரியையும். நான் இந்த மலையிலேயே பிறந்த திண்ணனூர் நாட்டுக்காரி. இந்த வேலை போனால் வீட்டையும் மிளகுக் கொடிகளையும் விட்டுவிட்டு, வேலை தேடி மலையிறங்க வேண்டியதுதான்.

போன வருடம் பிரின்சிபால் கூப்பிட்டார். "மேடம், கோயம்புத்தூர்ல ஒரு மாசப் பயிற்சி. நீங்க போயிட்டு வாங்க." பல வருடமாக நான் கெஞ்சிக் கேட்டபோதெல்லாம் "உங்க கிளாஸ யார் பாக்கறது?" என்று மடக்கிய மனிதர் இவர். இப்போது டீ வேறு வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

துறைக்கு வந்து சொன்னேன். இளையவளுக்கு ஒரே சந்தோஷம். "போயிட்டு வாங்கக்கா. கிளாசெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க" என்றாள். இவளுக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று தோன்றியது. மேசையைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் பாதிப் பாடம் மண்டையில் ஏறவில்லை. என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே நினைப்பு. மாணவி ஒருத்திக்குப் போன் போட்டு, "சின்ன மேடம் எப்படி நடத்தறாங்க?" என்று ஒன்றும் தெரியாதவள்போல விசாரித்தேன். "சூப்பரா நடத்தறாங்க மேடம்" என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கே நான் போகவில்லை.

ஆனால் திரும்பி வந்தபோது என் வகுப்புகள் எனக்கே இருந்தன. மூன்றாம் வருடத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குச் செடி பார்க்கக் கூட்டிப்போவதைக்கூட அவள் எனக்கென்று விட்டுவைத்திருந்தாள். "அது உங்களுக்குப் புடிச்சதுங்களே அக்கா." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதிலிருந்து அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

இந்த வருடம் பிரின்சிபால் மறுபடி கூப்பிட்டார். மறுபடி டீ.

"அடுத்த பயிற்சிக்கு உங்க ஜூனியர் மேடத்த அனுப்பறோம். அவங்க பேப்பரையும் நீங்களே எடுத்துக்குங்க. இனிமே தாவரவியலுக்கு ஒரு ஆள் போதும்னு மேனேஜ்மென்ட் நினைக்குது. அதுக்குத்தானே உங்களுக்குப் பயிற்சி குடுத்தோம்? இப்போதைக்கு அவங்க காதுக்குப் போக வேண்டாம்."

என் வேலை தப்பித்தது என்று ஒரு கணம் நிம்மதிதான் வந்தது. பொய் சொல்வானேன். அடுத்த கணம் அருவருப்பாக இருந்தது. நேராகத் துறைக்குப் போனேன்.

அவள் புதுப் பை வாங்கி வைத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, "போகாத கண்ணு" என்றேன். பிரின்சிபால் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது. அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகவே தெரிந்த பார்வை. ஒரு வருடத்துக்கு முன் நான் அவளை அப்படித்தான் பார்த்தேன்.

"நீங்க இப்படிச் சொல்லித் தடுப்பீங்கன்னு பிரின்சிபால் நேத்தே சொன்னாருங்கக்கா" என்றாள்.